பச்சைக் குழந்தைக்குத் தலை ஸ்கேன்: தாய்மாமன் எழுதும் ரிவ்யூ

கொரடாச்சேரியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் எடுப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் டாக்டரும் இல்லை, ஸ்கேன் டெக்னீஷியனும் இல்லை, ஆனால் ஒரு நிமிஷம் சும்மா இருக்காத குழந்தையைத் தெளிவாகப் படம் பிடிப்பது எவ்வளவு பெரிய பாடு என்று 16 வருஷமாக அனுபவித்தவன். அக்காவின் பச்சைக் குழந்தைக்கு மூளை எம்.ஆர்.ஐ. எடுக்க இரண்டு இடத்துக்கு அலைந்தோம். முதல் இடம் சொதப்பல். இரண்டாவது இடம் அருமை. இரண்டுக்கும் பெயர் போடப்போவதில்லை. முதல் இடத்தின் பெயரைப் போட்டால் அவர்கள் சண்டைக்கு வருவார்கள், இரண்டாவதைப் போட்டால் கமிஷன் எவ்வளவு என்று நீங்கள் கேட்பீர்கள். எதைப் பார்த்து இடம் பிடிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அக்காவுக்கு மாதம் நிறைந்த பிரசவம், பெண் குழந்தை, 2 கிலோ 800. பிறந்ததும் அழவில்லை, அழ வைக்கச் சில நிமிஷம் பிடித்தது, இரண்டாம் நாள் கை கால் வெட்டி ஃபிட்ஸ் வந்தது. பச்சைக் குழந்தை வார்டில் வைத்து மருந்து கொடுத்ததும் நின்றுவிட்டது. உச்சிக்குழி வழியாக அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். பாட்டிமார் எண்ணெய் வைத்துத் தட்டுவார்களே, அதே இடம்தான், எலும்பு இன்னும் கூடவில்லை என்பதால் அதன் வழியாக உள்ளே எட்டிப் பார்க்கலாம். ரத்தக்கசிவு இல்லை என்று அதில் தெரிந்தது. மூச்சு முட்டியதால் மூளையின் உள்ளே எங்காவது அடி பட்டிருக்கிறதா என்பது அதில் அவ்வளவு நன்றாகத் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள் என்றார் குழந்தை டாக்டர். சி.டி. எடுத்தால் அஞ்சு நிமிஷ வேலையாச்சே என்று அத்தான் கேட்டதற்கு, அதில் எக்ஸ்ரே கதிர் உண்டு, இந்த வயசில் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்போம், இதில் காந்தமும் ரேடியோ அலையும்தான் என்றார். முதல் வாரத்துக்குள் எடுங்கள், சில அடையாளங்கள் அந்த வாரத்தில்தான் பளிச்சென்று தெரியும், அப்புறம் மங்கிவிடும் என்றும் சொன்னார். ஏழாம் நாள் கிளம்பினோம்.

முதல் இடம். வாசலில் ஆளுயர போர்டு, அதில் 3 டெஸ்லா என்று கொட்டை எழுத்து. டெஸ்லா என்றால் காந்தத்தின் பலம். பூமியின் காந்தத்தோடு ஒப்பிட்டால் 1.5 டெஸ்லாவே 30,000 மடங்குக்கு மேல். 3 டெஸ்லா அதைப்போல இரட்டிப்பு, சிக்னல் கூடும், நுணுக்கமாகத் தெரியும், பொய் இல்லை. ஆனால் என் ஸ்டுடியோவுக்கு வந்து உங்க கேமரா எத்தனை மெகாபிக்ஸல் என்று கேட்பவர்களிடம் நான் என்ன சொல்வேனோ அதேதான் இங்கேயும். கேமரா எத்தனை மெகாபிக்ஸலாக இருந்தாலும் பிள்ளை தலையைத் திருப்பினால் படம் ஷேக்.

பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். தூக்க மருந்து கொடுப்போம், அதனால் நாலு மணி நேரம் பால் கொடுக்காமல் கூட்டி வாங்க என்றார்கள். இதில் தப்பு சொல்ல மாட்டேன், மருந்து மயக்கத்தில் பால் எதுக்களித்து மூச்சுக்குழாயில் போய்விட்டால் ஆபத்து, தாய்ப்பாலுக்கு நாலு மணி நேரம் என்பது எல்லா இடத்திலும் இருக்கிற கணக்குதான். ஆனால் ஆறு மணியோடு பாலை நிறுத்திவிட்டு வந்த குழந்தையை உள்ளே கூப்பிட்டது ஒன்றரை மணிக்கு. ஏழரை மணி நேரம். பசியில் கத்திக் கத்திக் குரலே போய்விட்டது. அக்காவுக்கு மார் கட்டி, நைட்டி நனைந்து, அவள் ஒரு பக்கம் அழுகை. சிரப்பை ஊற்றினார்கள், பாதியைத் துப்பிவிட்டாள். இன்னொரு தடவை ஊற்றினார்கள். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் கணக்கு இல்லை. தூங்கினாள். மெஷினுக்குள் வைத்து முதல் சத்தம் வந்ததும் கண்ணைத் திறந்தாள்.

அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காந்தத்துக்குள் இருக்கிற கம்பிச் சுருள்களில் கரண்ட்டை மாற்றி மாற்றி விடுவதால் அவை அதிருகின்றன, ஸ்பீக்கர் அதிர்வதுபோலத்தான், 100 டெசிபலைத் தாண்டும். மேடைக்குப் பக்கத்தில் நின்று வீடியோ எடுத்தவன் நான், கெட்டிமேளம் காதுக்கு எவ்வளவு நெருக்கத்தில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கெட்டிமேளமாவது ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஏழு நாள் குழந்தையின் காதில் அங்கே வைத்தது பஞ்சு. சாதாரணக் காட்டன் பஞ்சு, அவ்வளவுதான்.

தலையைச் சுற்றி ஒரு கூண்டு வைப்பார்கள், காயில் என்று பெயர், சிக்னலைப் பிடிக்கும் ஆன்டெனா அது. பெரிய ஆள் தலைக்குச் செய்தது. அதற்குள் குழந்தையின் தலை தேங்காய்க் கூடையில் எலுமிச்சம்பழம் வைத்தமாதிரி கிடந்தது, சுற்றிலும் ஸ்பாஞ்ச் திணித்தார்கள். வெளியே முதுகுவலிக்காரர்கள் ஆறு பேர் காத்திருந்தார்கள். "சீக்கிரம் சார், சீக்கிரம்" என்று டெக்னீஷியன் பையன் என்னைப் பார்த்துச் சொல்கிறான், நான் என்ன செய்ய? முப்பது நிமிஷம் போராடி, "எடுத்தாச்சு, ரிப்போர்ட் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வரும்" என்று அனுப்பிவிட்டார்கள். 6,500 ரூபாய். மருந்துக்குத் தனி.

கம்ப்யூட்டர் திரையை ஓரக்கண்ணால் பார்த்தேன். வெறும் மங்கல் என்றால்கூடப் பரவாயில்லை, ஒரே ஃப்ரேமில் மண்டை ஓட்டின் கோடு மூன்று நாலு தடவை, குளத்தில் கல் போட்டால் அலை வருமே அந்தமாதிரி வரிவரியாக. அந்தக் காலத்து ஃபிலிமில் ரோலைச் சுற்ற மறந்து இரண்டு தடவை கிளிக் பண்ணினால் வரும் பேய்ப்படம். ஏன் இப்படி என்று பிறகு இரண்டாவது இடத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேமராவில் எல்லாப் புள்ளியும் ஒரே நொடியில் பதிவாகிவிடுகிறது, கல்யாண மண்டபத்தில் நான் வைப்பது 125இல் ஒரு பங்கு நொடி. எம்.ஆர்.ஐ.யில் ஒரு வகைப் படத்துக்கு மூன்று நாலு நிமிஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேகரிக்கிறார்கள், அதுவும் படத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு என்று இல்லை, எடுக்கிற ஒவ்வொரு துளியும் முழுப்படத்துக்கும் சொந்தம். அதனால் நடுவில் ஒரே ஒரு தடவை தலையைத் திருப்பினாலும் அந்த ஓரம் மட்டும் கெடாது, மொத்தமும் கெடும்.

ரிப்போர்ட் வந்தது. வேறெங்கோ உட்கார்ந்து யாரோ பார்த்து எழுதியது. குழந்தை அசைந்ததால் படம் தெளிவில்லை என்று முதல் வரி, சரி. அடுத்த வரியில் மூளையின் வெள்ளைப் பகுதி (நரம்பு வயர்கள் ஓடும் இடம்) முழுவதும் பரவலாக மாற்றம் தெரிகிறது என்று இருந்தது. அக்கா அன்று ராத்திரி தூங்கவில்லை, நான் வாட்ஸ்அப்பை மூடவே இல்லை. மறுநாள் குழந்தை நரம்பு டாக்டரிடம் போனால், அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது பெரியவங்க மூளைன்னு நெனச்சு எழுதியிருக்காங்கம்மா, பொறந்த கொழந்தைக்கு இப்படித்தான் இருக்கும்" என்றார்.

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் மூளையில் நரம்பு வயர்களுக்கு மேல் மையலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு அந்த உறை பெரும்பாலும் இன்னும் போடவில்லை, தண்ணீர்தான் அதிகம். எம்.ஆர்.ஐ. பார்ப்பதே தண்ணீரையும் கொழுப்பையும்தான். அதனால் பெரியவர்களின் படத்தில் எது வெளுப்பாக இருக்குமோ அது குழந்தையின் படத்தில் கறுப்பாக இருக்கும், கறுப்பு வெளுப்பாகும். நெகட்டிவ்! ஃபிலிம் காலத்து ஆள் யாராவது இருந்தால் உடனே புரிந்துவிடும். அதைப் பார்த்துப் பழகாதவர் நெகட்டிவைப் பிரிண்ட் என்று நினைத்து, மூஞ்சி ஏன் கறுத்திருக்கு என்று கேட்டமாதிரிதான் அந்த ரிப்போர்ட்.

அந்த உறை எப்படிப் போடப்படுகிறது என்றும் டாக்டர் சொன்னார். கீழிருந்து மேலே, பின்னாலிருந்து முன்னால், நடுவிலிருந்து ஓரத்துக்கு. நம்மூர் ஆட்களுக்கு இது சுலபம். மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, வாய்க்காலுக்கு வாய்க்கால் ஏறிக் கடைமடைக்குக் கடைசியில்தானே தண்ணீர் வரும்? மூளையில் நெற்றிப் பக்கம்தான் கடைமடை. ஒரு வகைப் படத்தில் ஒரு வயசு வாக்கிலும், இன்னொரு வகையில் இரண்டு வயசு வாக்கிலும்தான் குழந்தையின் மூளை பெரியவர்களின் மூளை மாதிரித் தெரிய ஆரம்பிக்கும். நடுவில் ஆறு மாதம் வாக்கில் சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் ஒரே சாயலாகிவிடுமாம், மார்கழிப் பனியில் வரப்பு எது வயல் எது என்று தெரியாதமாதிரி. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கே தலைவலி கொடுக்கிற வயசு அது. ஆகவே படத்தைப் படிக்கிறவர் குழந்தைக்கு எத்தனை நாள், எத்தனை வாரத்தில் பிறந்தது என்று முதலில் கேட்க வேண்டும். முதல் இடத்தில் வயசு என்ற கட்டத்தில் 'பூஜ்யம்' என்று போட்டிருந்தார்கள்.

நல்லவேளையாக ஒன்று தேறியது. டிஃப்யூஷன் என்று ஒரு வகை, ஒவ்வொரு துண்டையும் ஒரே மூச்சில் கண் இமைக்கும் நேரத்தில் எடுத்துவிடுவதால் குழந்தை அசைந்தாலும் அவ்வளவாகக் கெடுவதில்லை. முதல் வாரத்தில் பார்க்க வேண்டியது என்று டாக்டர் சொன்னது பெரும்பாலும் அதைத்தான். அதில் பெரிசாக ஒன்றும் இல்லை. மீதிப் படங்களுக்கு, இன்னும் ஒரு வாரம் பத்து நாள் கழித்து வேறு இடத்தில், தூக்க மருந்து இல்லாமல் எடுப்பவர்களிடம் போங்கள் என்றார். அப்படிக்கூட உண்டா என்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது இடம் தஞ்சாவூரில். போர்டில் டெஸ்லா எதுவும் இல்லை, கேட்டால் 1.5 என்றார்கள். போனில் அவர்கள் கேட்ட முதல் கேள்வியே, "பாப்பா எந்த நேரத்துல நல்லாத் தூங்கும்?" ராத்திரி எட்டு மணிக்குப் பால் குடித்தால் பத்தரை வரைக்கும் அசையமாட்டாள் என்றாள் அக்கா. அப்படியானால் ஏழரைக்கு வாருங்கள், அன்றைக்குக் கடைசி ஆள் நீங்கள்தான், உங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை, சாயங்காலம் தூங்கவிடாதீர்கள், பசியோடு கொண்டு வாருங்கள், பால் இங்கே வந்து கொடுக்கலாம், இரண்டு பழைய வேட்டி துவைத்து எடுத்து வாருங்கள். வேட்டியா என்று இரண்டு தடவை கேட்டேன். வேட்டிதான், பழசாக, மெத்தென்று.

குழந்தையைத் தூங்கவிடாமல் காரில் கொண்டு போவது எப்படி என்று கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள். கார் கிளம்பினாலே தூங்கும் ஜாதி அது. அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து உள்ளங்காலைச் சுரண்டிக்கொண்டே வந்தாள். நீடாமங்கலம் ரயில் கேட் மூடியிருந்தது. எப்போது திறந்திருந்தது? எங்களுக்கு முன்னால் நெல் மூட்டை லாரி, பின்னால் திருவாரூர் பஸ், பசியில் குழந்தை வீறிட ஆரம்பித்துவிட்டாள். பால் கொடுத்தால் இங்கேயே தூங்கி அங்கே போய் விழித்துக்கொள்வாள், கொடுக்காவிட்டால் அழுது அழுது முதல் தடவை மாதிரி ஆகிவிடும். சென்டருக்குப் போன் போட்டேன். அந்த சிஸ்டர் பதறவே இல்லை. "ஒரு பக்கம் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கண்ணா, இன்னொரு பக்கம் இங்க வந்து." இதற்காகவே ஒரு ஸ்டார் தனியாகக் கொடுக்கலாம்.

போய்ச் சேர்ந்ததும் நகை கழற்றும் படலம். ஸ்கேன் ரூமுக்குள் இரும்பு போகக்கூடாது, கரண்ட் போனாலும் அந்தக் காந்தம் அணையாது, எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். குழந்தையின் இடுப்பில் அரைஞாண், அதில் வெள்ளித் தாயத்து, கையில் கறுப்பு மணி, வசம்பு, காலில் தண்டை. வெள்ளியைக் காந்தம் இழுக்காதே என்றேன், பெரிய விஞ்ஞானி மாதிரி. இழுக்காது, ஆனால் உலோக வளையத்தில் கரண்ட் ஓடிச் சூடாகலாம், படத்திலும் கறை விழும் என்றார் டெக்னீஷியன், கோபப்படாமல். கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டையும் துடைக்கச் சொன்னார்கள், சில மைகளில் உலோகத் துகள் கலந்திருக்குமாம். பொழுது சாய்ந்த நேரத்தில் பொட்டை அழிப்பதா என்று அம்மா முரண்டு பிடித்தாள். சிஸ்டர் தேங்காய் எண்ணெயில் பஞ்சை நனைத்து அம்மா கையிலேயே கொடுத்து, "நீங்களே தொடைங்கம்மா, வெளிய வந்ததும் நீங்களே வெச்சு விடுங்க" என்றாள். அப்புறம் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா கூடவே உள்ளே இருக்கலாம் என்றார்கள். ஆனால் அவள் தாலியில் தொங்கிய ஊக்குகளை எண்ணிப் பார்த்தார்கள்: ஐந்து. ரவிக்கையில் இரண்டு, முந்தானையில் ஒன்று. எல்லாம் இரும்பு. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பிளாஸ்டிக் தட்டில் போட்டார்கள். தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அக்கா தயங்கினாள், அவர்களும் வற்புறுத்தவில்லை. சுத்தமான தங்கம்தானே, நூலில் கோத்திருக்கிறது, உள்ளே நீங்கள் மெஷினுக்குள் போகப்போவதில்லை, தள்ளி நாற்காலியில்தான் என்று யோசித்துப் பார்த்துச் சொன்னார்கள். மெட்டியும் தோடும் மட்டும் கழன்றன.

பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, சுற்ற ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பச்சைக் குழந்தை போட்டோஷூட் என்று இப்போது ஃபேஷனாகி நானும் நாலைந்து எடுத்திருக்கிறேன், துணி சுற்றுவதில் எனக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு, அன்றோடு போயிற்று. முதல் வேட்டியை நாலாக மடித்து, ஒரு கையை நெஞ்சோடு சேர்த்து ஒரு சுற்று, மறு கையைச் சேர்த்து இன்னொரு சுற்று, கால் பக்கம் இறுக்காமல் தவளைக் கால் மாதிரி மடங்க இடம் விட்டு, மேலே இரண்டாவது வேட்டி. காதில் முதலில் களிமண் மாதிரி மிருதுவான அடைப்பான், அதன்மேல் குட்டி நுரை மூடி, அதன்மேல் குல்லா. பாதத்தில் நாடித்துடிப்பும் ஆக்ஸிஜனும் பார்க்க இந்த ரூமுக்கென்றே செய்த ஒயர். அப்புறம் ஒரு மெத்தை, உள்ளே தெர்மாகோல் உருண்டைகள். அதில் குழந்தையைப் படுக்கவைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்தால் மெத்தை குழந்தையின் வடிவத்துக்கே கெட்டியாகிவிடுகிறது, அமுக்குவதில்லை, பிடித்துக்கொள்கிறது. பால் கொடுத்து, துணி சுற்றி எடுக்கிற இந்த முறை சுமார் மூன்று மாதம் வரைக்கும் நன்றாகப் பலிக்கும், அதற்கப்புறம் பிள்ளைகள் உஷாராகிவிடும் என்றார்கள்.

காயில்தான் ஆச்சரியம். குழந்தைத் தலைக்கென்றே தனி காயில் உலகத்தில் இருக்கிறது, இவர்களிடம் இல்லை. அதனால் முழங்கால் ஸ்கேனுக்கான காயிலை எடுத்து அதற்குள் தலையை வைத்தார்கள்! அளவெடுத்தமாதிரி பொருந்தியது. ஆன்டெனா தோலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு சிக்னல் சுத்தமாக வரும். மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று ஜூம் போட்டு எடுப்பதற்கும் மணவறைக்குப் பக்கத்தில் போய் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

சத்தம் குறைந்த வகையிலிருந்து தொடங்கினார்கள். ஒவ்வொன்று முடிந்ததும் அங்கேயே படத்தைப் பார்த்து, கெட்டிருந்தால் அதை மட்டும் திரும்ப எடுத்தார்கள். நடுவில் விக்கல் வந்தது. நிறுத்தினார்கள். அக்கா உள்ளே நெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தாள், எட்டு நிமிஷம் எல்லோரும் சும்மா நின்றோம், யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கடைசியாக ஒரு வகை எடுத்தார்கள், அதற்கு ஒரு கம்பெனி வைத்த பெயர் பிளேடு, இன்னொரு கம்பெனி ப்ரொபெல்லர். பிளேடு என்றதும் அத்தான் சிரித்துவிட்டார். ஃபேன் இறக்கை சுற்றுவதுபோலப் பட்டைப் பட்டையாகச் சேகரிக்கிறது, ஒவ்வொரு பட்டையும் நடுப்புள்ளி வழியாகப் போவதால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு, தலை எவ்வளவு திரும்பியது என்று கணக்குப் போட்டுக் கம்ப்யூட்டரே சரிசெய்துவிடும். எல்லாம் சேர்த்து ஐம்பது நிமிஷம். குழந்தை கண்ணே திறக்கவில்லை. 7,000 ரூபாய், மயக்க மருந்துக்குக் கட்டணம் இல்லை, ஏனென்றால் மயக்க மருந்தே இல்லை.

ரிப்போர்ட் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது, லேட்தான், ஆனால் குழந்தைகளின் படம் பார்க்கிறவரிடம் அனுப்பி வாங்கியிருந்தார்கள். முதல் வரியிலேயே நிறைமாதக் குழந்தை, 19ஆம் நாள் என்று இருந்தது. படத்தை நரம்பு டாக்டர் எங்களுக்குக் காட்டினார். மூளையின் நடுவில், கை காலுக்குக் கட்டளை இறங்கும் பாதையில், அரிசி மணி அளவுக்கு இரண்டு பக்கமும் ஒரு வெள்ளைக் கீற்று. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மையலின் உறை விழுந்திருக்க வேண்டிய முதல் இடங்களில் ஒன்று அது. மூச்சு முட்டிய குழந்தைகளின் படத்தில் முதலில் இதைத்தான் தேடுவேன் என்றார். எங்கள் குழந்தைக்கு இரண்டு பக்கமும் இருந்தது. முதல் இடத்துப் படத்தில் அதே இடத்தைக் காட்டினார், அங்கே குளத்து அலைதான். மூளையில் வேறொரு இடத்தில் லேசாக ஒரு மாற்றம் இருக்கிறது, படத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, மாதாமாதம் காட்டுங்கள், கை கால் பயிற்சிக்குப் போங்கள் என்றார். போகிறோம்.

இதையெல்லாம் பார்த்த பிறகு ராத்திரி ராத்திரியாக யூடியூப்பும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். லண்டனில் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளின் மூளை எப்படி இணைப்புப் போட்டுக்கொள்கிறது என்று பார்க்க ஒரு பெரிய திட்டமே நடத்தியிருக்கிறார்கள், நூற்றுக்கணக்கான குழந்தைகள், மயக்க மருந்து கிடையாது, பால் கொடுத்துச் சுற்றித்தான் எடுத்தார்கள். குழந்தைத் தலைக்கென்றே 32 சேனல் காயில், அதாவது 32 குட்டி ஆன்டெனா சேர்ந்த கூண்டு, செய்தார்கள். மெஷின் அங்கே 3 டெஸ்லா, ஆனால் துணி நம்ம வேட்டி கதைதான். சென்னை ஐ.ஐ.டி.யில் கருவில் இருக்கும் குழந்தையின் மூளையை 5,132 சீவல்களாகப் படம் எடுத்து, தரணி என்று பெயர் வைத்து 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். அது எம்.ஆர்.ஐ. இல்லை, இறந்த கருவின் மூளையைச் சீவி எடுத்தது, ஆனால் ஸ்கேனில் தெரிவது உண்மையில் என்ன என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்தமாதிரி வரைபடம் வேண்டும்.

இன்னொன்று, சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும் எம்.ஆர்.ஐ. ஹைப்பர்ஃபைன் என்ற அமெரிக்கக் கம்பெனியுடையது, 0.064 டெஸ்லாதான், சாதாரண பிளக் பாயிண்ட்டில் ஓடும், 2020இல் அங்கே அனுமதி வாங்கியது. குழந்தையை ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடாமல் தொட்டில் பக்கத்துக்கே மெஷின் வரும் என்றால், நீடாமங்கலம் கேட்டில் நின்றவனுக்கு அதன் அருமை தெரியும். காந்தம் அவ்வளவு சின்னது என்பதால் படம் மங்கல், அதைக் கம்ப்யூட்டர் கூர்மையாக்குகிறது. இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். என் ஸ்டுடியோவிலும் பழைய போட்டோவைக் கூர்மையாக்கும் ஆப் இருக்கிறது, ஒரு தாத்தாவின் போட்டோவுக்கு அது இல்லாத பல்லை வைத்துக் கொடுத்தது. தாத்தாவுக்குப் பல் வைத்தால் சிரித்துக்கொண்டு போவார்கள். அரிசி மணி அளவுக் கீற்றை அது சும்மா வரைந்துவிட்டால்?

இரண்டாவது இடத்தின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஸ்கேன் கீழ்த்தளத்தில்தான், ஆனால் பணம் கட்டுவது மாடியில், லிஃப்ட் வேலை செய்யவில்லை, தையல் காயாத அக்கா ஏறி இறங்கினாள். பால் கொடுக்கத் தனி ரூம் என்று சொன்னது ஒரு திரைச்சீலை, அதுவும் பாதிதான் மூடும், அம்மா நின்று மறைத்தாள். ஏசி பயங்கரக் குளிர். குழந்தையை மூடி வைத்திருந்தார்கள், கூட உட்கார்ந்த அக்காவுக்கு ஒரு போர்வை கொடுத்திருக்கலாம். கார் நிறுத்த இடமே இல்லை. படத்தைச் சிடியில் போட்டுக் கொடுக்கிறார்கள், இந்தக் காலத்தில் சிடி டிரைவ் யார் வீட்டில் இருக்கிறது? என் ஸ்டுடியோவின் பழைய கம்ப்யூட்டரில் இருந்ததால் தப்பித்தோம். கடையைச் சாத்திவிட்டு அக்காவும் நானும் அதைப் போட்டு, மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டி, கழுத்திலிருந்து உச்சி வரைக்கும் மேலும் கீழும் பார்த்தோம். அக்கா திரையில் அந்தக் கீற்றைத் தேடிப் பிடித்து விரலை வைத்தாள். விரல் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது, நான் சொல்லவில்லை.

அஞ்சுக்கு நாலரை கொடுக்கிறேன். போகிறவர்கள் போனிலேயே மூன்று கேட்டுக்கொள்ளுங்கள்: மருந்தில்லாமல் எடுப்பீர்களா, காதுக்கு என்ன வைப்பீர்கள், ரிப்போர்ட் எழுதுகிறவர் குழந்தைப் படம் பார்ப்பவரா. மருந்து கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், கூடவே நின்று மூச்சைப் பார்க்க மயக்க டாக்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள். வேட்டி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஊக்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அவசரத்தில் அரைஞாணையும் தாயத்தையும் அந்தப் பிளாஸ்டிக் தட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். மறுநாள் காலையில் அவர்களே போன் செய்து, கவரில் பெயர் எழுதி எடுத்து வைத்திருக்கிறோம் என்றார்கள். நான்தான் பைக்கில் போய் வாங்கி வந்தேன். கேட் அன்றைக்கும் மூடியிருந்தது.